ஒன்பது நிறங்களுக்குள் உலகம் அடங்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாணவர் இணைப்பின் நடுப்பக்கம் முழுக்க, நாகரிகத்துக்கு ஒரு நிறம் என்று உலகை ஒன்பது நிறமாகப் பிரித்த ‘உலகின் நாகரிகங்கள்’ என்ற வரைபடத்தை வெளியிட்டிருந்தீர்கள். அச்சும் வண்ணமும் அருமை. என் பேத்தி அதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். படித்துவிட்டுப் பழைய பேப்பர்காரருக்குப் போகிற பக்கமாக இருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். பிள்ளைகள் தினமும் பார்க்கப்போகிற படம் என்பதால் எழுதுகிறேன்.

படத்தின் மூலம் எது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனாலும் அந்த ஒன்பது நிறங்களைப் பிரித்திருக்கும் விதம், அமெரிக்க அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் 1996இல் வெளியிட்ட நூலில் உள்ள வரைபடத்தை அப்படியே ஒத்திருக்கிறது. பனிப்போர் முடிந்தபின் எந்த நாடு எந்தப் பக்கம் சாயும் என்று ஆராய வரைந்த படம் அது. அந்த வேலைக்கு அது சரியா என்பது வேறு விவாதம். பண்பாட்டுப் பாடத்துக்கு நிச்சயம் ஆகாது. 1993இல் எழுதிய கட்டுரையில் நாகரிகங்களைப் பட்டியலிடும்போது, கடைசியில் ‘ஒருவேளை ஆப்பிரிக்க நாகரிகமும்’ என்று அவர் எழுதினார். ஒரு கண்டத்துக்கே ‘ஒருவேளை’! பௌத்தம் பெரிய மதம்தான், ஆனால் பெரிய நாகரிகம் எதற்கும் அது அடித்தளமாக இருக்கவில்லை என்று நூலில் சொல்லிவிட்டு, வரைபடத்தில் அதற்குத் தனி நிறம் கொடுத்தார். அந்த நிறம் இலங்கைத் தீவு முழுவதையும் மூடிவிட்டது. தமிழர் வாழும் யாழ்ப்பாணமும் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியும் அதற்குள்தான். தூத்துக்குடிக்காரன் கண்ணில் இது படாமல் போகுமா?

ஆனால் எனக்கு அதைவிட உறுத்தியது மடகாஸ்கர். ஆப்பிரிக்காவுக்கு அருகில் கிடக்கிறது என்பதால் ஆப்பிரிக்க நிறத்தைப் பூசிவிட்டீர்கள். நான் சரக்குக் கப்பல்களில் டெக் பிரிவில் வேலை பார்த்தவன். அந்தத் தீவின் பெரிய துறைமுகமான தோமாசினாவில், வாசலுக்கு வெளியே சின்னச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. மூன்று வேளையும் சோறுதான். சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் கேட்டால், பழுப்பு நிறத்தில் வெதுவெதுப்பாக ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். சோற்றுப் பானையில் அடிப்பிடித்த பருக்கையைச் சுரண்டாமல், அதிலேயே தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தது. லேசான தீய்ந்த வாசனையோடு நன்றாகவே இருக்கும்.

அந்த மக்கள் பேசும் மலகாசி மொழிக்கு நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவில் இல்லை. ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தென்கிழக்காசியத் தீவான போர்னியோவில் பாரிட்டோ ஆற்றுப் பக்கம் பேசும் மொழிகளோடுதான் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அங்கிருந்து இந்துமாக்கடலைக் கடந்து வந்தவர்களின் மொழி அது. மலைச்சரிவில் படிப்படியாக நெல் வயல் வெட்டுவதும், ஓடத்துக்குப் பக்கவாட்டில் மிதவைக் கட்டை கட்டுவதும் தென்கிழக்காசிய வழக்கம்தான். செல்வத்தின் அடையாளமாக அவர்கள் வளர்க்கும் திமில் மாடு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தது. தென்கிழக்குக் கரையில் ஒரு கூட்டத்தார் மலகாசியை அரபு எழுத்தில் எழுதி ஓலை போலக் காத்து வைத்திருந்தார்கள். பிறகு வந்தது தேவாலயம், அதன்பின் பிரெஞ்சு ஆட்சி. இதற்கெல்லாம் ஒரே நிறம் என்றால் எதைச் சொல்லிக்கொடுக்கிறோம்?

பரப்பளவிலும் ஏமாற்று இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொண்டது மெர்கேட்டர் முறைப் படம். 1569இல் கடலோடிகள் திசை பிடிக்க வரைந்த முறை அது. எங்களுக்கெல்லாம் சோறு போட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. ஆளில்லாத வடபகுதிகள் வீங்கிவிடுவதால் அங்கே பூசிய நிறங்களும் வீங்கிவிடுகின்றன. சைபீரியா 1.3 கோடி சதுர கிலோமீட்டர். மக்கள் 4 கோடிகூட இல்லை. ஜாவா நம் தமிழ்நாட்டளவுதான், 15 கோடிப் பேர் வாழ்கிறார்கள். உங்கள் படத்தில் ஜாவா ஒரு பச்சைக் கீற்று, அதாவது இஸ்லாமிய நாகரிகத்தின் நிறம். அந்தக் கீற்றுக்குள்ளே, முஸ்லிம் கலைஞர் விடிய விடிய உட்கார்ந்து தோல்பாவையில் மகாபாரதம் நடத்துகிறார். நடுவில் செமார் என்ற கோமாளித் தெய்வம் வந்து பாண்டவருக்குப் புத்தி சொல்கிறது. வியாசரிடம் இல்லாத பாத்திரம், ஜாவாவின் சொந்தச் சரக்கு.

இதெல்லாம் சின்ன விஷயம், படம்தானே என்று சொல்பவர்கள் 1923ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் கையெழுத்திட்ட மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையில், யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய மதம் ஒன்றுதான் அளவுகோல். துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் உள்நாட்டில் துருக்கி மொழி பேசி, அதைக் கிரேக்க எழுத்தில் எழுதிய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள். கிரீட் தீவில் கிரேக்கம் பேசிய முஸ்லிம்களைத் துருக்கிக்கு அனுப்பினார்கள். போய் இறங்கிய இடத்தில் அக்கம்பக்கத்தாரோடு பேச இருவருக்கும் மொழி இல்லை. போரில் ஏற்கெனவே தப்பியோடியவர்களையும் சேர்த்தால் இடம்பெயர்ந்தவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். நிலத்துக்கு ஏற்றபடி படத்தைத் திருத்தாமல், படத்துக்கு ஏற்றபடி மனிதரைத் திருத்தினார்கள்.

வேறு வழி இல்லாமலில்லை. அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் 1967இல் நூலாக்கிய தொகுப்பில் 862 சமூகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. உறவுமுறை என்ன, என்ன பயிர், சொத்து யாருக்குப் போகிறது என்று தனித்தனிப் பதிவுகள். அதிலும் குறைகள் உண்டு, பல பதிவுகள் காலனிக் காலத்து அதிகாரிகளும் பாதிரிமார்களும் எழுதியவை. இருந்தாலும் புள்ளி வைப்பதால் ஒரு வசதி: பக்கத்தில் இன்னொரு புள்ளி வைக்க இடம் இருக்கும். நிறத்தைப் பூசிவிட்டால் இடமே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த இணைப்பில் ஒரு திருத்தக் குறிப்பு போடுங்கள்; அந்தப் படத்தை வரைந்தவர் யார், எந்த ஆண்டு, எதற்காக என்ற மூன்று விவரமும் அதில் இருக்கட்டும். மறுபடி வரைவதாக இருந்தால் பரப்பளவைச் சரியாகக் காட்டும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொழிக்கு ஒன்று, மதத்துக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். பருவக்காற்றை நம்பிப் பாய்க்கப்பல்கள் போய்வந்த வழிகளையும் அவற்றின் மேல் கோடாக இழுங்கள். நடுப்பக்கம் போதாது என்றால் நான்கு வாரம் தொடராக வரட்டும், காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர் ஒருவர்,
தூத்துக்குடி