ஆறு நாளை ஆறாயிரமாகப் பெருக்கும் முன்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

ஸ்தோத்திரம்மா. நீ அனுப்பிய அட்டவணையை வேதத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துப் பார்த்தேன். சிருஷ்டிப்பின் ஆறு நாள் ஆறாயிரம் வருஷம், ஏழாம் நாள் கிறிஸ்துவின் ஆயிர வருஷ அரசாட்சி, ஆகவே 2033-க்குள் கிறிஸ்துவின் இரண்டாம் வருகை என்று போட்டிருக்கிறார்கள். இது புதிதல்ல. பர்னபாவின் நிருபம் என்ற பழைய நூலின் 15-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ஐரேனியு என்ற சபைப் பிதாவும் எழுதினார். பழசு என்பதால் கணக்கு சரியாகிவிடாது.

முதலில் அது நிற்கும் வசனத்தைப் பார். 2 பேதுரு 3:8: "கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போலவும், ஆயிரம் வருஷம் ஒருநாள்போலவும் இருக்கிறது." அந்தப் "போலவும்" இரண்டு தரம் வருகிறது. முதல் பாதியை வைத்துப் பெருக்கலாம் என்றால் இரண்டாம் பாதியை வைத்து வகுக்கவும் வேண்டும். அப்போது வெளிப்படுத்தல் 20 சொல்லும் ஆயிர வருஷ அரசாட்சி ஒரே நாளாகிவிடும். அடுத்த வசனத்தையும் விடாதே. வருகை ஏன் இன்னும் வரவில்லை என்பதற்குத் தேவனுடைய நீடிய பொறுமையைத்தான் பேதுரு காரணமாகச் சொல்கிறார்.

அடுத்தது தொடக்க வருஷம். எல்லா அட்டவணையும் உடைவது இங்கேதான். சேத் பிறந்தபோது ஆதாமுக்கு எபிரெய பாடத்தில் வயது 130. செப்துவஜிந்த் என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பில் 230. இப்படிப் பல தலைமுறைகளில் நூறு நூறாகக் கூடி, ஆயிரம் வருஷத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. கிரேக்கத்தை வைத்து எண்ணிய பழைய சபை ஆசிரியர் இப்போலித்து, கிறிஸ்து பிறந்தது உலகத்தின் 5500-ஆம் வருஷம் என்றார். அப்படியானால் ஆறாயிரம் கி.பி. 500 வாக்கில் முடிந்துவிட்டது. எபிரெயத்தை வைத்து எண்ணிய பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் கி.மு. 4004 என்று எழுதினார். பூஜ்ஜியம் என்றொரு வருஷம் கிடையாது என்பதால் அவருடைய கணக்கில் ஆறாயிரம் 1997-இல் முடிகிறது. இரண்டும் கடந்து போயின. அதனால்தான் உன் அட்டவணை ஓசியா 6:2-இன் "இரண்டு நாளை" இழுத்துவந்து, சிலுவையிலிருந்து இரண்டாயிரம் என்று எண்ணுகிறது. சிலுவை நடந்தது கி.பி. 30-இலா 33-இலா என்பதிலேயே அறிஞர்கள் ஒன்றுபடவில்லை.

"நாள்" என்ற சொல்லையும் கவனி. எபிரெயத்தில் யோம். "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று எண்ணிட்டுச் சொல்வதாலும், யாத்திராகமம் 20:11 அதையே ஓய்வுநாளுக்கு அளவாக வைப்பதாலும், வாசகத்தின் நேர்ப்பொருள் சாதாரண நாள்தான் என்பது என் எண்ணம். ஆனாலும் சூரியன் நாலாம் நாளில்தான் வருகிறது, ஏழாம் நாளுக்குச் சாயங்காலம் சொல்லப்படவில்லை, ஆதியாகமம் 2:4 முழு வேலையையும் ஒரே யோமில் அடக்குகிறது. பழைய சபைப் பிதாவான அகுஸ்தீன் எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டது என்றார். இவற்றைச் சொல்கிறவர்களை விசுவாசமற்றவர்கள் என்று தள்ளிவிடாதே. உன் அட்டவணையோ முதல் பக்கத்தில் 24 மணி நேரம் என்று அடித்துச் சொல்லி, இரண்டாம் பக்கத்தில் அதே நாளை ஆயிரம் வருஷமாக்குகிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு அளவுகோல் கூடாதம்மா.

ஆயிர வருஷத்துக்கு முன் வருகையா, பின்பா, அந்த ஆயிரம் சபையின் காலத்தையே குறிக்கிறதா என்ற மூன்று பார்வைகளிலும் தேவபக்தியுள்ளவர்கள் உண்டு. கடைசி நாட்களின் உபத்திரவ காலத்துக்கு முன் கிறிஸ்து இரகசியமாக வந்து சபையை எடுத்துக்கொள்வார் என்ற பிரிப்பு, 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வழியாகப் பரவியது. எதை ஏற்றாலும் அதிலிருந்து தேதி வராது.

தேதி குறித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் கூட்டத்தைப் பார். தானியேல் 8:14-இன் 2300 நாளை வருஷமாக்கி, கி.மு. 457-இலிருந்து எண்ணி, வருகை 1844 அக்டோபர் 22-இல் என்று வந்து நின்றார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு. மறுநாள் விடிந்தது.

அட்டவணையைக் கொடுத்தவரிடம் மரியாதையாகவே கேள்: எந்தப் பாடத்தின் வயதுகள்? பூஜ்ஜிய வருஷத்தைக் கழித்தீர்களா? அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர ஒருவனும் அறியான் என்ற மாற்கு 13:32-ஐ எங்கே வைத்தீர்கள்? அவர் பதில் சொல்லும் வரைக்கும் அதை வேறு யாருக்கும் அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா