கேள்வி கேட்ட பிள்ளையின் பெயரைத் திரும்பச் சேருங்கள்

மதிப்புக்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும் சபைக் கமிட்டியாருக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபை முன் அறிக்கையிட ஆயத்தப்படுகிற திடப்படுத்தல் வகுப்பில், ஒரு பையன் கேட்ட கேள்வியால் நடந்தது உங்களுக்குத் தெரியும். கடலூரில் நம் சபையார் கூடுகிற எல்லா வீட்டிலும் இப்போது இதே பேச்சுதான்.

அந்தப் பையன் கேட்டது ஒன்றே ஒன்று. அவன் பக்கத்து வீட்டு ஆயா போன மாதம் தவறிவிட்டார். 2015 வெள்ளத்தில் தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, சின்னப் பிள்ளையாக இருந்த இவனைத் தோளில் தூக்கிப் போய் தன் மாடியில் வைத்துக் கஞ்சி ஊற்றியவர். ஞானஸ்நானம் பெறாதவர். "ஆயா நரகத்துக்கா போயிருக்கும்?" என்று கேட்டிருக்கிறான். பிசாசு கேட்க வைக்கிற கேள்வி என்று சொல்லி அவனை வெளியே அனுப்பினார்கள். அடுத்த வாரம் ஒட்டிய திடப்படுத்தல் பட்டியலில் அவன் பெயர் இல்லை. வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்த அவன் அம்மா காரணம் கேட்டு வந்தால், மன்னிப்புக் கடிதம் எழுதி வரச் சொன்னார்கள். எதற்கு மன்னிப்பு ஐயா? செத்துப்போன கிழவிக்காக அழுததற்கா?

நான் உபதேசத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. விசுவாசப் பிரமாணத்தை வாரா வாரம் முழு மனதோடு சொல்கிறவன் நான். அப்போஸ்தலர் நடபடிகள் நாலாம் அதிகாரத்தைத் திறந்து, கிறிஸ்துவாலேயன்றி இரட்சிப்பில்லை என்று அவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம். ரோமர் இரண்டாம் அதிகாரத்தில் மனச்சாட்சியைப் பற்றி பவுல் எழுதியதையும் சேர்த்து வாசித்து, தீர்ப்பு நம் கையில் இல்லை, நீதியுள்ள தேவனிடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "தம்பி, எனக்கும் இது பாரமாகத்தான் இருக்கிறது, வா ஜெபிப்போம்" என்றாவது சொல்லியிருக்கலாம். இதில் எந்த உபதேசம் கெட்டுப்போகும்?

1529ல் சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசமே கேள்வியும் பதிலுமாகத்தான் போகிறது. 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு நம் ஜனங்களோடு உட்கார்ந்து வாதாடினார்; கடிதத்தில் கேள்விகள் அனுப்பி அவர்களுடைய பதில்களைக் கேட்டு வாங்கினார். அவர் விசுவாசம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன கன்வென்ஷனில், காணிக்கை போட்டால் பத்து மடங்காகத் திரும்பும் என்று ஒரு பிரசங்கியார் மேடையில் சொன்னார். அது எந்த வேதத்தில் இருக்கிறது என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை; சால்வை போர்த்தி அனுப்பினோம். உபதேசத்தில் கண்டிப்பு வேண்டும் என்றால் அது அந்த மேடைக்கும் வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் மட்டும் காட்டுகிற கண்டிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. வாலிபர் கூட்டத்துக்கு ஏன் ஆள் வருவதில்லை என்று வருஷா வருஷம் கேட்கிறோமே, பதில் இதுதான்.

சரி, கோபத்தில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்டதிலிருந்து நான் இறங்க மாட்டேன். மன்னிப்புக் கடிதம் கேட்காமல் அவன் பெயரைத் திரும்பச் சேருங்கள். வகுப்பில் பிள்ளைகள் பயமில்லாமல் கேட்பதற்கென்று வாரம் அரை மணி நேரம் ஒதுக்கி, ஆயர் ஐயா, நீங்களே உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

திடப்படுத்தல் ஆராதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பெயரைச் சேர்த்ததும் தயவுசெய்து நீங்களே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். அந்த அம்மா இனி தானாக வந்து கேட்க மாட்டார்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையான் ஒருவன்