சோளகத்தை நம்பி ஒரு விடுதி

தலைமன்னார்

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதமும் மகன் வரைந்து அனுப்பிய படங்களும் கிடைத்தன. பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே நாங்கள் சுகம். என் அக்காவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கடைசி மகளுக்கு வவுனியாவில் ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிறு மாலை திரும்புகிறாள். மழை இன்னும் தொடங்கவில்லை, கிணறு அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் அப்பாவின் பனங்காணியில் பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் கைட் சர்ஃபிங் விளையாட்டுக்காக, நாற்பது அறைகளும் நீச்சல் குளமுமாக விடுதி ஒன்று கட்ட மகன் ஆசைப்படுகிறான். காற்று போதுமா, ஊர் ஒத்துழைக்குமா என்று கேட்டிருக்கிறாய். காற்று போதும். ஊர் ஒத்துழைப்பது, நீங்கள் முதலில் யார் வாசலில் போய் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மகன் வரைந்த படத்தில் கடற்கரை வெறிச்சென்று கிடக்கிறது. ஒரு வள்ளம் இல்லை, மீனவர் தங்கும் ஒரு வாடி இல்லை, வலை காயப்போடும் கம்புகூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மனம் பதறியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம் மன்னார் தீவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒடுங்கி நீண்டு கிடப்பது உனக்குத் தெரியும். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றான சோளகம் தென்கரையில் நேராக மோதுகிறது. அந்த மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகரையிலோ காற்று அதே வேகத்தில் அடித்தாலும் நிலம் மறைத்துக்கொள்வதால் அலை எழுவதில்லை. டிசம்பர் பாதியில் வடகிழக்குக் காற்றான வாடை பிடித்ததும் எல்லாம் தலைகீழாக மாறும். வடகரை குமுறும், தென்கரை அமரும். காற்று பலமாக இருந்து தண்ணீர் தட்டையாக இருக்க வேண்டும் என்பதுதான் கைட் சர்ஃபிங் விளையாடுகிறவர்கள் உலகம் முழுக்கத் தேடி அலையும் சேர்க்கை. நம் தீவு ஆண்டுக்கு இரண்டு பருவம் அதைத் தருகிறது. பனைகளைக் கடந்து வரும் காற்று திக்கித் திக்கி வரும் என்பதால், நிலம் முடிந்து ஆதாம் பாலத்தின் மணல் தீடைகள் தொடங்கும் தலைமன்னார் முனைதான் அவர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் மச்சான், கடல் அமர்ந்திருக்கும் அதே பக்கத்தில்தான் நம்முடைய ஆட்களும் அந்த மாதங்களில் தொழில் செய்கிறார்கள். சோளகத்தில் தென்கரை வள்ளங்கள் பல இறங்குவதில்லை. முடிந்தவர்கள் இந்த வடகரைப் பக்கம் வாடி போட்டு வருகிறார்கள். கரைவலைக்கும் அமர்ந்த கடல்தான் வேண்டும். இருவருக்கும் வேண்டியது ஒரே கரை, ஒரே மாதங்கள். உன் மகனின் கணக்கில் இது எங்கேயும் வரவில்லை.

போன ஆகஸ்டில் ஊர்மனைக் கரையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் இடுப்பில் பட்டை கட்டி நிற்கிறாள். இருபது மீட்டருக்கும் கூடுதலான நீளத்தில் நான்கு நூல்கள் மணலில் கிடக்கின்றன. அந்த முனையில் நம் ஊர்ப் பையன் ஒருவன், வீட்டுக் கதவைவிடப் பெரிய பட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்கிறான். குழாய்களில் ஏற்கனவே காற்று அடைத்திருப்பதால் பட்டம் விறைத்து முரசு போல அதிர்கிறது. அவள் கட்டைவிரலை உயர்த்தினாள், அவன் கையை விட்டான். அவ்வளவுதான், பட்டம் மேலே போன வேகத்தில் அவள் பலகையோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கே உடல் சிலிர்த்தது. அந்தப் பையனின் தகப்பன் கொஞ்சத் தூரத்தில் கரைவலையின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் இன்னொருவருடைய பட்டம் விழுந்து, அதன் நூல் அந்தக் கயிற்றிலேயே சுற்றிக்கொண்டது. காற்று இழுக்கும்போது அந்த நூல் கத்தி மாதிரி. விரலை வைத்தால் போய்விடும். வலை இழுத்தவர்கள் எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். வலை சரிந்தது, அன்றைய சூடை மீன் பெரும்பகுதி தப்பிப் போனது. சத்தம் போட்டார்கள், பிறகு சமாதானமாயிற்று. விருந்தினர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் போன மீனுக்கு யார் பொறுப்பு என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

கரைவலை இழுக்கப் பிரித்துவிட்ட கரைத்துண்டைத்தான் பாடு என்போம்; ஒவ்வொரு பாட்டுக்கும் உரித்தாளர் உண்டு, முறை உண்டு என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். வெளியூர்க்காரன் கண்ணுக்கு அது வெறும் மணல். உங்கள் காணியின் உறுதிப்பத்திரம் பனை வரிசையோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பதை உன் மகனால் வாங்கவும் முடியாது, வேலி போடவும் கூடாது. இரவில் வரும் இழுவைப் படகுகள் ஒரு பக்கம் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன; பகலில் கரையிலும் இடம் குறைந்தால் இந்தச் சனம் எங்கே போகும்?

எருக்கலம்பிட்டி நண்பனை நினைவிருக்கிறதா? நம் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து கணக்கில் எல்லோரையும் முந்துகிறவன். 1990 அக்டோபரில் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது அவன் குடும்பம் புத்தளம் பக்கம் போய், பிறகு கற்பிட்டியில் தங்கிவிட்டது. போன பெருநாளுக்கு இங்கே வந்திருந்தான். கற்பிட்டிதான் இலங்கையில் கைட் சர்ஃபிங்குக்குப் பெயர்போன இடம். அவன் மருமகன் விருந்தினர்களைப் படகில் ஏற்றிக் களப்பைத் தாண்டி மணல் திட்டுகளுக்குக் கொண்டு போகிறான், நல்ல வருமானம். அதை அவன் மறைக்கவில்லை. ஆனால் முதலில் ஓலைக் குடிசைகளாக வந்த விடுதிகள் பிறகு வரிசை வரிசையாக வளர்ந்ததையும், கடலுக்குப் போகும் ஒழுங்கைகள் சில மூடப்பட்டதையும் சொன்னான். அங்கே பதினான்கு தீவுகளைச் சுற்றுலாவுக்கு ஒதுக்கும் பெரிய திட்டத்தை அரசாங்கம் கொண்டுவந்தபோது, தலைமுறையாக அங்கே வாடி போட்ட மீனவர்கள் பலரிடம் காட்டுவதற்கு உறுதி இல்லை. அவர்கள் சங்கங்கள் எதிர்த்து நின்றன. நம் பக்கத்திலும் 1990க்குப் பிறகு தொலைந்த உறுதிகள், மாறிப்போன எல்லைகள் எத்தனை என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? உங்கள் காணியிலேயே உன் அக்காவின் பங்கு இன்னும் பிரிக்கப்படவில்லை. கட்டிடத்துக்கு முன் அதை முடி.

தூரத்து உதாரணமும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் மகன் பிலிப்பைன்ஸின் பொராக்கை தீவைப் போல ஆக்கலாம் என்று எழுதியிருக்கிறான். அதே பொராக்கையில் விடுதிகளின் கழிவுநீர் கடலில் கலந்து நாறியதால், 2018 ஏப்ரல் கடைசியிலிருந்து ஆறு மாதம் அரசாங்கம் தீவையே விருந்தினர்களுக்கு மூடிவிட்டது. பட்டம் விடுகிறவர்கள் கூடும் புலாபோக் கரையும் அங்கேதான் இருக்கிறது. நம் தீவின் நன்னீர், மணலுக்கடியில் உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. ஆழக் குழாய் இறக்கி மோட்டாரால் உறிஞ்சினால் உப்பு மேலேறும், ஒரு முறை ஏறினால் எளிதில் இறங்காது. நாற்பது அறைக்கும் நீச்சல் குளத்துக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும்? பக்கத்து வளவுக் கிணறுகளிலிருந்துதான்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவிலுள்ள பாஜே கரையையும் மகன் பார்க்கட்டும். அங்கே ஆழமில்லாத களப்பில் பெண்கள் 1989 அளவிலிருந்து முளை அடித்துக் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்க்கிறார்கள். அதே களப்பு இன்று பட்டங்களால் நிறைந்திருக்கிறது. ஒரே தண்ணீரில் இரண்டு பிழைப்பு. யாருக்கு எந்த இடம் என்று முன்கூட்டியே பேசி வைக்காத கரையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க முடியாது.

இங்கே மக்கள் காற்றைப் பற்றிப் பேசும்போது இப்போது குரலில் சூடு ஏறிவிடுகிறது. 2020 டிசம்பரில் தென்கரையில் முப்பது காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையம் தொடங்கியது, 103.5 மெகாவாட். அதற்குப் பிறகு மழைவெள்ளம் வடியவில்லை, மீன் விலகிப் போகிறது, பறவைகள் அடிபடுகின்றன என்று முறைப்பாடுகள் வந்தபடி இருக்கின்றன. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தன் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியது. அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் சனம் நாட்கணக்கில் அமர்ந்திருந்தது. எங்களைக் கேட்காமல் எங்கள் கரையைப் பங்கு போடாதீர்கள் என்ற கோபம்தான் அது. அந்தக் கோபத்தின் நடுவில் வந்து இறங்குகிற விடுதி உங்களுடையதாக இருக்கக் கூடாது.

தீடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விருந்தினர்களுக்கு அங்கே போய் இறங்கத்தான் ஆசை. அது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களமும் கடற்படையும் அனுமதி தர வேண்டும். சோளக மாதங்களில் ஆலாப் பறவைகள் அங்கே வெறும் மணலில் முட்டை இடுகின்றன. முட்டைக்கும் மணலுக்கும் நிறம் ஒன்று, கால் வைத்த பிறகுதான் தெரியும். மேலே பட்டம் பறந்தால் பருந்து என்று நினைத்துத் தாய்ப் பறவைகள் எழும்பிவிடும், அந்த வெயிலில் முட்டை வெந்துவிடும். வாடைக் காலத்தில் வங்காலைப் பக்கம் பூநாரைகள் இறங்கும்போதும் இதே கதைதான். இந்த இரண்டு இடங்களுக்கும் அந்தந்தக் காலத்தில் போவதில்லை என்று உங்கள் விடுதி முதல் நாளிலேயே எழுதி ஒட்ட வேண்டும். வடகரைக் கடற்புல்லில் நங்கூரம் போடவும் கூடாது; கடற்பசுவான ஆவுளியா அருகிவிட்டது, அது மேயும் புல்லாவது மிஞ்சட்டும்.

இவ்வளவும் வேண்டாம் என்று சொல்வதற்கு எழுதவில்லை, மச்சான். நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதுகிறேன். சோளகத்தில் தொழிலில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் தென்கரை இளைஞர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு வருமானம் குறையும் அதே மாதங்களில்தான் விருந்தினர் வருகிறார்கள். சோளகத்தில் வடகரைக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. பட்டம் விழுந்தவர் நீந்தித் திரும்ப முடியாது, பாக்குநீரிணைக்குள் இழுபட்டுப் போவார். ஒவ்வொரு நாளும் ஒரு படகு இயந்திரத்தோடு தயாராக நிற்க வேண்டும். நீரோட்டம் தெரிந்து அந்தப் படகை ஓட்டுவதற்கு நம் ஊர் மீனவனைவிடத் தகுந்தவன் யார்? அதற்குச் சில்லறை வேண்டாம், ஒப்பந்தம் எழுதி மாதச் சம்பளம் கொடுக்கட்டும்.

பட்டம் பிடித்துக் கொடுக்கும் பையன்கள் அதோடு நின்றுவிடவும் கூடாது. கற்றுக்கொடுக்கிறவர்கள் பருவத்துக்குப் பருவம் வெளிநாட்டிலிருந்து வந்து போகிறார்கள். ஐ.கே.ஓ. என்ற சர்வதேச கைட்போர்டிங் அமைப்பின் சான்றிதழ் இருந்தால் நம் பிள்ளைகளும் அந்த வேலையைச் செய்யலாம். பணமும் ஆங்கிலமும்தான் தடை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, சிங்கப்பூருக்கு வெண்கலம் வென்ற மேக்ஸ் மேடருக்குப் பதினேழு வயதுதான். பிறந்த நாள் முதல் இந்தக் காற்றில் வளரும் பிள்ளை ஏன் அந்த இடத்துக்குப் போகக் கூடாது? நீச்சல் குளத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஆண்டுதோறும் இரண்டு பேரைப் படிக்க வைக்கச் சொல்.

நாற்பது அறை வேண்டாம், பத்து போதும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பர் மழையிலும் இங்கே பட்டம் ஏறாது. வங்கிக் கடனுக்கு அந்த மாதங்களிலும் வட்டி ஓடும். பனைகளை வெட்டாமல் உள்ளே தள்ளிக் கட்டினால் நிழலும் கிடைக்கும், வாடிகளுக்குக் கரையும் மிஞ்சும். கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் அப்போது தொல்லையில்லாமல் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

மகனை வரும் சோளகத்தில், ஜூலையில் அனுப்பு. தனியாக வரட்டும், முதலீட்டாளர்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். எந்த நாளில் வருகிறான் என்று எழுது, நான் வந்து நிற்பேன். முதல் இரண்டு நாளும் கடலில் இறங்காமல் கடற்றொழிலாளர் சங்கத்தாரோடும் கரைவலைப் பாட்டுக்காரர்களோடும் உட்காரட்டும். எந்த இடத்தில் பட்டம் ஏறலாம், எந்த நேரத்தில் வலை வளைப்பார்கள், கயிறு அறுந்தால் எவ்வளவு கொடுப்பது என்பதை அவர்கள் சொல்ல அவன் எழுதிக்கொள்ளட்டும். அதன் பிறகு படத்தை மறுபடியும் வரையச் சொல். சங்கத் தலைவரிடம் நான் பேச்சைத் தொடங்கிவிட்டேன். உன் பெயரைச் சொன்னதும் அவருக்கு உன் அப்பாவை நினைவு வந்தது. உறுதியின் பிரதியையும் உன் அக்காவின் சம்மதக் கடிதத்தையும் இந்த மாதமே அனுப்பி வை, பிரதேச செயலகத்தில் எல்லை அளக்க மனுக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்