மேல வீட்டுச் சித்தி தந்த ஓலை

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு அம்மா எழுதுவது. அப்பா, ஆச்சி, நான் எல்லோரும் நல்ல சுகம். பதநீர் காய்ச்சுகிற காலம் என்பதால் தெருவே கருப்பட்டி வாசனையாக இருக்கிறது.

ஈஸ்டருக்குக் கோயிலில் என்ன விசேஷம் என்று போனில் கேட்டாய். சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களான லெந்து தொடங்கியதுமே நம் கோயில் போதகர் ஐயர் ஒரு காரியம் சொன்னார். இந்த வருஷம் ஃபிளெக்ஸ் வேண்டாம், இயேசுவின் கல்லறைத் தோட்டத்தை நாமே ஓலையில் முடைந்து பீடத்துக்குப் பின்னால் மாட்டுவோம், வீட்டுக்கு ஒரு ஆளாவது வந்து உட்காருங்கள் என்றார். கமிட்டியில் சிலருக்கு இஷ்டமில்லை. ஃபிளெக்ஸ் ஒரே நாளில் வந்துவிடுமே என்றார்கள். எனக்கு ஐயர் சொன்னதுதான் சரியென்று பட்டது. இடையன்குடிக் கோயிலைக் கட்டி முடிக்கக் கால்டுவெல் ஐயருக்கு 33 வருஷம் ஆயிற்று, 1880-இல்தான் பிரதிஷ்டை. அவர் மனைவி எலிசா அம்மா அங்கே பெண்களை உட்காரவைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். நமக்கு 40 நாள் உட்கார முடியாதா?

வீட்டுக்கு வீடு வேதப்புத்தகத்துக்குள்ளும் நிலைக்கு மேலும் வைத்திருந்த போன வருஷக் குருத்தோலை ஞாயிற்று ஓலைகளைக் கொண்டுவந்தோம். ஆச்சிதான் எங்களுக்கெல்லாம் வாத்தியார். காய்ந்த ஓலையை அப்படியே மடக்கினால் படக்கென்று ஒடிந்துவிடும். ராத்திரியே ஈரச்சாக்கில் சுற்றிவைத்தால் காலையில் சொன்னபடி வளையும். பிறகு ஈர்க்கை எடுத்துவிட்டு ஒரே அகலத்தில் வார வேண்டும். பழுத்த பழைய ஓலை பாறைக்கு. கறுப்புச் சாயத்தில் கொதிக்கவைத்தது கல்லறை வாசலுக்கு. தோட்டத்தில் நம் செம்மணல் தேரி மரங்கள்தான், வரிசையாகப் பனை. இயேசுவின் முகம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. யோவான் 20-ஆம் அதிகாரத்தில், தலையில் சுற்றியிருந்த சீலை மற்றத் துணிகளோடு கிடக்காமல் தனியாகச் சுருட்டி வைத்திருந்தது என்று வருகிறதே, அந்தச் சீலையை மட்டும் வெள்ளைக் குருத்தில் முடைவது என்று பேச்சு.

அதை முடைய ஆச்சி உட்காரவைத்தது என்னையும் மேல வீட்டுச் சித்தியையும். எல்லைப் பனைச் சண்டைக்கு அப்புறம் ஐந்து வருஷமாக நாங்கள் முகம் பார்த்ததில்லை, உனக்குத் தெரியும். பெரிய வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை. கோயிலில் ஆராதனை கிடையாது, சத்தமும் கிடையாது. நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நான் விடுகிற ஓலையை அவள் வாங்கி மடக்கினால்தான் பின்னல் நிற்கும். ஒரு மணி நேரம் வாய் திறக்காமலே வாங்கினாள், கொடுத்தாள். அவள் கட்டைவிரலில் ஓலை கிழித்த கோடு. என் விரலிலும் அதே இடத்தில் இருந்தது. ஓரத்தை மடக்கும்போது என் ஓலை எட்டவில்லை. தன் மடியில் இருந்ததில் ஒன்றை உருவி, "இந்தா, இது நீளம்" என்று நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். எனக்குக் கண் மறைத்துவிட்டது. அந்த வரிசை கொஞ்சம் கோணலாகத்தான் வந்திருக்கிறது. பிரித்து முடைய வேண்டாம் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் விடியற்காலை ஆராதனையில் எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. அத்தனை கறுப்புக்கு நடுவே அந்தச் சீலைதான் முதலில் கண்ணில் பட்டது. வெளியே வந்ததும் சித்தி என் பக்கத்தில் வந்து, "பெரியவன் எப்படி இருக்கான்?" என்று உன்னைத்தான் முதலில் கேட்டாள்.

எய்யா, மஸ்கட்டில் அவள் மகனைப் பார்த்தாலும் பேசாதே என்று உன்னிடம் சொன்னது நான்தான். நீயும் என் பேச்சைத் தட்டவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்த பிள்ளைகளை நான் பிரித்து வைத்துவிட்டேன். அது என் தப்பு. அவன் ரூவியில்தான் இருக்கிறானாம். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, போய்ப் பார்த்துவிட்டு வா. கீழத்தெரு மாமா லீவு முடிந்து அங்கே திரும்புகிறார். அவர் கையில் இரண்டு கிலோ கருப்பட்டி கொடுத்துவிடுகிறேன். ஒரு கிலோ அவனுக்கு.

அன்புடன்
அம்மா