எண்ணெயை மட்டும் விட்டுக்கொடுக்காதே

முதலியார்பேட்டை,
புதுச்சேரி

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். ஆய்வகத்தை விட்டுவிட்டு கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிரைடு சிக்கன் கடை போடப் போகிறாயாம். அதைக் கலா சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். மற்றபடி ரொம்ப சந்தோஷம்டா. கொழுப்பு கெடுவதைப் பற்றியே படித்தவன் நீ. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்க உன்னைவிடப் பொருத்தமான ஆள் யார்?

மசாலாவைப் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கேட்டுக்கொள். ஆனால் கடை நிலைப்பது எண்ணெயில்தான். சாதாரண சூரியகாந்தி எண்ணெய் வேண்டாம். லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அதிகம், சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும். பாமாயில் தாங்கும். 170 டிகிரியில் வை. கூட்டம் சேர்ந்துவிட்டதென்று ஒரே ஈட்டில் கூடையை நிரப்பினால் சூடு சட்டென்று இறங்கி, மாவு எண்ணெயைக் குடிக்கும், எலும்போரம் வேகாது. தொடைக்கறியின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தி 74 டிகிரி வந்த பிறகே எடுக்கச் சொல். செம்பு, பித்தளைக் கரண்டி எதுவும் உள்ளே போகக் கூடாது; செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் கெடும் என்று உனக்கா நான் சொல்ல வேண்டும்!

உருளைக்கிழங்கிலும் கண் வை. குளிர்பதனக் கிடங்கிலிருந்து நேராக வந்த கிழங்கில் சர்க்கரை ஏறியிருக்கும். உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும், கசக்கும். புற்றுநோய் தரலாம் என்று அஞ்சும் அக்ரிலமைடும் கூடும், 2002இல் ஸ்வீடன்காரர்கள் கிளப்பிய அதே விஷயம்தான். இரண்டு வாரம் காற்றாட வெளியே கிடந்தால் சர்க்கரை குறையும். நறுக்கி அலசி, வெந்நீரில் முக்கியெடுத்து, ஈரம் போகத் துடைத்து, முதலில் 150இல், ஆறியபின் 180இல் பொரி.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்ததே. ஞாயிறு சாயங்காலம் சில்வர் பீச் கூட்டம் திரும்பும் நேரம், எண்ணெய் நுரைத்துக் கறுத்திருக்கும். "ஒரு லிட்டர் புதுசு ஊற்றிச் சமாளிக்கலாம்" என்பான் மாஸ்டர். சம்மதிக்காதே. எண்ணெய் கெடக் கெட அதில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்ட வேண்டும் என்பது 2018இலிருந்து சட்டம். அதை அளக்கும் மீட்டர் வாங்கு, தினமும் நோட்டில் குறி. ராத்திரி வடிகட்டாமல் ஷட்டரை இறக்காதே. கழித்த எண்ணெயை விலைக்குக் கேட்டுத் தள்ளுவண்டிக்காரர்கள் வருவார்கள். பயோடீசலுக்கு எடுப்பவர்களுக்கே கொடு. தள்ளுவண்டிக்குப் போனால் அது குழந்தைகள் தின்னும் பஜ்ஜியில் போய்ச் சேரும், சேகர்.

பிரையருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா? இல்லையென்றால் பொறு. தட்டையான அடிப்பகுதியில் நேராகத் தீ படுவதை எடுக்காதே. உதிர்ந்த மாவெல்லாம் அங்கேயே கருகி எண்ணெயைக் கெடுக்கும். உதிர்ந்த மாவு கருகாமல் தங்க, சூடேற்றும் குழாய்க்குக் கீழே சூடு குறைந்த பகுதி இருக்கிறதா என்று பார். போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
ரவி