சான்றிதழ் வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள், கல்லூரியில் சேர என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று உங்கள் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. அதைக் கத்தரித்து எங்கள் இ-சேவை மையத்தின் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, "இது இருக்கு, இது இருக்கு, இது என்னம்மா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அந்த விரல் நிற்பது மூன்று வரிகளில்தான்: சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. அந்த மூன்று வரிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வட மாவட்டம் ஒன்றில், ஒரு சிற்றூரில் எட்டு ஆண்டுகளாக இந்த மையத்தை நடத்துகிறேன். மே, ஜூன் இரண்டு மாதமும் காலை ஏழு மணிக்கே வாசலில் ஆள் நிற்கும். ஒரு பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது, அந்த வீட்டில் யார் படித்தார்கள், அப்பா எந்த வேலைக்குப் போகிறார் என்பதெல்லாம் கல்லூரிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி, நான் ஸ்கேன் செய்து ஏற்றுகிற காகிதம்தான். அந்தக் காகிதம் இருந்தால் அந்தப் பிள்ளை பின்தங்கிய வீட்டுப் பிள்ளை. இல்லாவிட்டால், எவ்வளவு பின்தங்கிய வீடாக இருந்தாலும், பொதுப் பட்டியலில் இன்னொரு பெயர்.

நானே இப்படி ஒரு காகிதத்தால் படித்தவள். பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை 2007-ல் எடுத்துவிட்டார்கள். 2010-11 கல்வியாண்டில், குடும்பத்தில் முதல் ஆளாகத் தொழிற்கல்விக்குப் போகிற பிள்ளைக்குச் சாதி, வருமானம் எதையும் பார்க்காமல் கல்விக் கட்டணச் சலுகை கொடுத்தார்கள். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் போதும். அதற்கு அடுத்த ஆண்டு நான் சேர்ந்தேன். அப்பா மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். சான்றுக்காக வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, தாத்தா என்ன படித்தார் என்று கேட்டார். பாட்டி உள்ளேயிருந்து, "அவருக்குக் கையெழுத்தே தெரியாது, வெத்தலைக் கணக்குகூட கோடு போட்டுத்தான் வைப்பாரு" என்றார். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். பத்து நாளில் சான்று வந்துவிட்டது. அன்றைக்கு அது வராமல் போயிருந்தால் நான் அந்த ஆண்டே தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். அதனால் இந்தத் திட்டங்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. எங்கள் தெருவில் இன்று பட்டம் வாங்கிய ஒன்பது பேரில் ஆறு பேர் அந்தச் சலுகையில் படித்தவர்கள்.

சிக்கல் எங்கே என்று ஒரு வீட்டைச் சொன்னால் புரியும். ஜூன் முதல் வாரம் ஒரு பெண் வந்தாள். பொறியியலுக்குப் போதுமான மதிப்பெண் இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பித்துத் தந்தேன். நான்கு நாளில் திரும்பி வந்தது. காரணம், அவளுடைய அண்ணன் நான்கு ஆண்டுக்கு முன்பு அதே சலுகையில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். முதல் ஆண்டு முடிவதற்குள் அப்பாவுக்கு விபத்து, இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். பையன் படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராகப் போய்விட்டான். இன்றைக்கு அந்த வீட்டில் ஒரு பட்டதாரியும் கிடையாது. ஆனால் ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் சலுகை, அதை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்கிறது விதி. அந்த அண்ணன் அன்று தங்கையோடு வந்திருந்தான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில், "நான் சேராமலே இருந்திருந்தா இவளுக்குக் கிடைச்சிருக்குமா அக்கா?" என்று கேட்டான். கிடைத்திருக்கும் என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படிப்பை முடிக்காமல் பாதியில் நின்ற பிள்ளையைப் பட்டதாரிக் கணக்கில் சேர்ப்பது நியாயமா? கல்லூரியே "இவர் இன்ன ஆண்டில் நின்றுவிட்டார்" என்று ஒரு கடிதம் கொடுத்தால், அடுத்த பிள்ளைக்கு அந்த உரிமையைத் திருப்பிக் கொடுக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

அடுத்தது இருளர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி. பழங்குடியினருக்குத் தமிழ்நாட்டில் இருப்பதே 1 சதவீத இடம். 69 சதவீத இடஒதுக்கீட்டில் மிகச் சிறிய பங்கு அது. அதற்குள் நுழைவதற்கான சான்றுதான் இருப்பதிலேயே கடினம். மற்ற சாதிச் சான்றுகள் தாலுகா அலுவலகத்தோடு முடிந்துவிடும். எஸ்.டி. சான்று மட்டும் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டும். நேரில் விசாரிப்பார்கள், அப்பாவின் சான்று இருக்கிறதா என்று கேட்பார்கள். போலிச் சான்றில் இடத்தைத் தட்டிக்கொண்டு போனவர்கள் இருந்ததால்தான் இவ்வளவு கெடுபிடி, அது எனக்கும் புரிகிறது. ஆனால் அதனால் அடிபடுவது யார்?

அந்தப் பெண்ணின் அப்பா, அம்மா இரண்டு பேரும் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள். பொங்கல் முடிந்து போனால் மழை தொடங்குகிற வரை அங்கேதான் குடிசை. இவள் அரசு விடுதியில் தங்கி, 600-க்கு 471 வாங்கியிருக்கிறாள். ஏப்ரலிலேயே விண்ணப்பித்தோம். விசாரணைக்கு வந்தவர்கள் ஊரில் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, "விண்ணப்பதாரர் இந்த முகவரியில் வசிக்கவில்லை" என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். மறுபடி விண்ணப்பித்தபோது பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கேட்டார்கள். அதில் சாதி என்ற இடத்தில் "வருவாய்த் துறை வழங்கிய சாதிச் சான்றிதழைப் பார்க்கவும்" என்று அச்சடித்திருக்கிறது. சான்று வாங்க டி.சி.யைக் காட்ட வேண்டும், டி.சி.யோ சான்றைப் பார்க்கச் சொல்கிறது. அப்பாவுக்குச் சான்று உண்டா என்றால், அவர் பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்ததில்லை.

அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியபோது அவர் சூளையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ரேஷன் கார்டும் மகளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும். காகிதத்தில் செம்மண் படக் கூடாது என்று, என் மேசைக்கு வருவதற்கு முன்பு வெளிக்குழாயில் கையைக் கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். சாதி என்ற இடத்தில் எஸ்.டி. என்று போடட்டுமா என்று கேட்டேன். சான்று கையில் இல்லாமல் போட்டால் பொய் சொன்னதாகக் கேஸ் போடுவார்களா என்று கேட்டார். போட மாட்டார்கள், சான்றைப் பிறகு காட்டலாம் என்று நான் எவ்வளவு சொல்லியும் அவருக்குத் தைரியம் வரவில்லை. ஏதோ ஒரு பழைய பயம் அது. பொதுப் பிரிவிலேயே போடச் சொன்னார். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த விண்ணப்பத்துக்கு 2 ரூபாய்தான். மற்றவர்களுக்கு 50 ரூபாய். அவர் 50 ரூபாய் கொடுத்தார். இந்த மாவட்டத்திலேயே யாருக்காக அந்த 2 ரூபாய் என்று எழுதி வைத்தார்களோ, அந்த மனிதர் 50 ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் சொல்ல வேண்டும். நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்து 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, நீதிபதி முருகேசன் குழுவுக்குப் பிறகு 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டத்துக்கும் வந்தது. நான் பார்த்ததில் ஏழைப் பிள்ளையைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி வேறில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாய் என்ற ஒரே கேள்வி. தாசில்தார் வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், பள்ளிப் பதிவேடு போதும். கட்டணத்தையும் அரசே கட்டிவிடுகிறது.

ஆனால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ ஊர்களில், நடந்து போகிற தூரத்தில் இருப்பது அரசு உதவி பெறும் பள்ளி மட்டும்தான். எட்டாம் வகுப்பு வரை அங்கே படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு வந்த பையனுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்த பையனுக்கு உண்டு. இதை ஒரு அம்மாவிடம் எப்படி விளக்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்குத்தான் இருந்தது. பிறகு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கொடுத்தார்கள். உதவித்தொகை கொடுக்கும்போது அந்தப் பிள்ளை ஏழை என்று ஒப்புக்கொள்கிறோம். இடம் கொடுக்கும்போது மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? தமிழ் வழி உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளை 7.5-க்குள் சேர்த்தால் அரசுப் பள்ளிப் பிள்ளையின் பங்கு குறைந்துவிடும் என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். அதுவும் நியாயமான கவலைதான். அப்படியானால் அந்த அளவைக் கூட்டிவிட்டுச் சேர்க்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் கேட்பது ஒன்றுதான். இந்தச் சான்றுகளை மே மாதத்தில் தேடாதீர்கள். பிளஸ் ஒன் சேர்ந்த உடனேயே பள்ளியில் வைத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஆறாம் வகுப்பிலேயே பள்ளி மூலமாகச் சாதி, இருப்பிடச் சான்று கொடுக்கிற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அது எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக நடப்பதில்லை, விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போகிற பிள்ளைகள். பிளஸ் ஒன் வகுப்பில் ஆசிரியருக்குத் தெரியாத வீடு கிடையாது. யாருடைய அப்பா சூளையில் இருக்கிறார், யாரை அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார், யாருக்கு ரேஷன் கார்டில் பெயரில்லை என்று அவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் தளத்தில் பிள்ளையின் விவரம் ஒன்றாம் வகுப்பிலிருந்து இருக்கிறது. இரண்டு முழு ஆண்டுகள் கையில் இருக்கும்போது, விசாரணைக்கு வருகிறவர்கள் ஒரு முறை பூட்டிய வீட்டைப் பார்த்தால் இன்னொரு முறை வரலாம். எஸ்.டி. சான்றுக்குச் சிறப்பு முகாம் போட்டு, குடியிருப்புக்கே போய்க் கொடுத்த ஆட்சியர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சூளைக்கும் போகலாமே.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விண்ணப்ப எண்ணும் ஒப்புகைச் சீட்டும் கையில் இருக்கிற பிள்ளையை, சான்று வரும்வரை அந்தப் பிரிவிலேயே வைத்து இடம் கொடுங்கள். தாமதம் அலுவலகத்தில் நடக்கிறது, பிள்ளை செய்த தவறு எதுவும் இல்லை. பிறகு சான்று வராவிட்டால் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இருளர் பெண்ணின் விண்ணப்பம் இதை எழுதுகிற இன்று காலை வரை "பரிசீலனையில்" என்றுதான் காட்டுகிறது. தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்க்கிறேன். பொதுப் பிரிவில் அவளுக்குத் தாவரவியல் கிடைக்குமா என்று இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இந்த ஆண்டு பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள் 84 பேர். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். ஜூலை மாதத்தின் முதல் இரண்டு சனிக்கிழமைகளிலும் கடையைப் பூட்டிவிட்டு, ஸ்கேனரையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். சான்றுக்கான 60 ரூபாயைக் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு நானே கட்டிவிடுகிறேன். பக்கத்து ஊர்களில் மையம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒரு நாள் உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் வாசகி
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)