ஃபைலைக் கேட்காதீர்கள், கேமைக் கேளுங்கள்: கேம் ஜாம் இசைக்குக் கருத்து எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

குறுகிய காலத்தில் ஒரு கேமைச் செய்து முடிக்கும் போட்டிகளான கேம் ஜாம்களில் புதியவர்கள் போட்ட இசைக்கு மதிப்பெண் கொடுத்து, கீழே நாலு வரி கருத்தும் எழுதுகிற உங்களுக்குத்தான் இந்த மடல். ஜாம் நடத்துகிறவர்களுக்கும் கடைசியில் சில வேண்டுகோள்கள் உண்டு.

"செம மியூசிக் ப்ரோ" என்று சிலர் எழுதுகிறீர்கள். "கொஞ்சம் போர், மெலடி இல்ல, பேஸ் ஏத்துங்க" என்று சிலர் எழுதுகிறீர்கள். முதலாவது மனசுக்கு இதம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டாவதுதான் ஆபத்து. இசை போட்டவர் அதை நம்பி பேஸை ஏற்றுவார், லிமிட்டரை (உச்சங்களை நசுக்கி மொத்தச் சத்தத்தைக் கூட்டும் கருவி) அழுத்துவார், மேலே மெலடி வாசிக்கும் ஒரு லீடு சின்த்தைத் தூக்கி வைப்பார். தனியாகக் கேட்டால் டிராக் ஜோராகத்தான் இருக்கும். கேமுக்குள் போட்டதும் குதிக்கிற சத்தமும் அடி விழுகிற சத்தமும் அதற்குள் மூழ்கிவிடும். பாட்டுக்குச் சரியான யோசனை கேம் இசைக்குப் பல நேரம் தப்பான யோசனை. நீங்கள் கேட்டது ஃபைலை, கேமை அல்ல.

நம் காது சினிமாப் பாட்டில் வளர்ந்த காது. பல்லவி எப்போது வரும் என்று தேடிக்கொண்டே இருக்கும். கேமில் கணக்கு வேறு. 60 நொடி லூப் (முடிந்ததும் தலையிலிருந்து மறுபடி ஓடும் இசைத் துண்டு) ஓடும் ஒரு கட்டத்தில் ஒருவர் 20 நிமிடம் மாட்டிக்கொண்டால் அதை 20 முறை கேட்பார். முதல் முறை புல்லரிக்க வைத்த உச்சஸ்தாயி பிட் ஏழாவது முறை எரிச்சல் மூட்டும். லூப்பில் ஒரே ஒரு முறை வரும் கிராஷ் சிம்பலும் வெட்டி ஒட்டிய குரல் துண்டும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். எனவே முதலில் விளையாடுங்கள். ஒரே கட்டத்தில் பத்து நிமிடமாவது, இசையை நிறுத்தாமல். கை தானாக வால்யூமைக் குறைக்கப் போன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தரப்போகும் கருத்திலேயே விலை உயர்ந்த தகவல் அதுதான். அடுத்து இசையை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் ஆடுங்கள். எதுவுமே குறையவில்லை என்றால் அதுவும் சொல்ல வேண்டிய செய்தி. ஃபைலைத் தனியாக ஹெட்போனில் கேட்பது இதற்கெல்லாம் பிறகு.

இனி லூப். புதியவர்களின் இசையில் அதிகம் இடறும் இடம் இது. "லூப் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அவர் எதைத் தொடுவது? லூப் கெடுவதில் குறைந்தது நான்கு வகை உண்டு, நான்கும் நான்கு விதமாகக் கேட்கும்.

திரும்புகிற நொடியில் 'டப்' என்று சின்னதாக வெடித்தால், அலை பூஜ்யக் கோட்டில் இல்லாத இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். வெட்டை பூஜ்யத்துக்கு நகர்த்தலாம், அல்லது இரு முனைகளிலும் ஐந்து மில்லி செகண்ட் ஃபேடு போதும்.

வெடிக்காமல், மூச்சு விட்டதுபோல் ஒரு இடைவெளி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எம்பி3. டிஜிட்டல் ஒலி என்பது நொடிக்கு 44,100 போல் பல முறை அளந்து பதிந்த எண்கள்; அந்த ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். எம்பி3 வடிவம் ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட சட்டங்களாக அடுக்குகிறது. முன்னால் ஆயிரத்துச் சொச்சம் சாம்பிள் வெற்றிடம் சேரும். கடைசிச் சட்டம் நிரம்பாவிட்டால் பின்னாலும் வெற்றிடம் வைத்து அடைக்கும். 44,100 ஹெர்ட்ஸில் முன்னால் சேருவது மட்டுமே சுமார் 25 மில்லி செகண்ட். 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 பீட்) வேகத்தில் பதினாறில் ஒரு நோட்டின் நீளமே 107 மில்லி செகண்ட் என்பதால், தாளம் தடுக்குவது யார் காதுக்கும் தெரியும். வம்பு என்னவென்றால், பல மியூசிக் பிளேயர்கள் ஃபைலின் தலைப்பில் உள்ள குறிப்பைப் படித்து இந்த வெற்றிடத்தை நீக்கிவிடும். இசை போட்டவர் தன் கணினியில் கேட்கும்போது குறையே தெரியாது, கேமில் மட்டும் தெரியும். ஓஜிஜி வார்பிஸிலோ வேவிலோ எக்ஸ்போர்ட் செய்யச் சொல்லுங்கள், முடிந்தது.

மூன்றாவது, ஒலி திடீரென்று வறண்டுபோவது. கடைசி நோட்டின் ரிவெர்ப் (எதிரொலிப்பு) வால் லூப் முனையில் துண்டாகிறது. இதற்கு நம்பகமான வழி, டிராக்கை அடுத்தடுத்து இரண்டு முறை அடுக்கி இரண்டாவதை மட்டும் எக்ஸ்போர்ட் செய்வது. முதல் சுற்றின் வால் இரண்டாவதின் தலையில் விழுந்திருக்கும். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்யும்போது 'ராப் ரிமைண்டர்' என்று கொடுத்தால் அதுவே இதைச் செய்யும். பக்கத்தில் உள்ள 'லீவ் ரிமைண்டர்' கொடுத்தால் வால் நீண்டு, கூடவே இடைவெளியும் வரும். ஆனால் வால் சுற்றிய லூப்பைக் கேமின் முதல் நொடியிலேயே தொடங்கினால், இன்னும் வாசிக்காத நோட்டின் எதிரொலி கேட்கும். தொடக்கத்துக்குத் தனி இன்ட்ரோ வேண்டும் என்பது இதனால்தான்.

நான்காவது, சத்தமெல்லாம் ஒழுங்காக இருந்தும் தாளம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நொண்டுவது. நீளக் கணக்கு தப்பு. 120 பிபிஎம்மில் நாலு பீட் பார் ஒன்று 2 நொடி, அதாவது 88,200 சாம்பிள். 32 பார் என்றால் 28,22,400. ஃபைலின் நீளம் இதிலிருந்து சில நூறு சாம்பிள் விலகினாலே அது கூர்ந்து கேட்கும் காதில் படும். ஆர்பிஜி மேக்கர் என்ற கேம் மென்பொருளில் ஓஜிஜி ஃபைலின் 'லூப்ஸ்டார்ட்', 'லூப்லெங்த்' டேக்குகளில் சாம்பிள் எண்ணைத்தான் எழுதுவார்கள். 44,100-க்குக் கணக்குப் போட்டுவிட்டு ஃபைலை 48,000-இல் எடுத்தால் லூப் வேறெங்கோ போய் விழும். சாம்பிள் ரேட் என்னவென்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதி நேரம் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது ஒலியளவு. "சத்தம் கம்மி, ஏத்துங்க" என்பதுதான் நாங்கள் பார்ப்பவற்றில் மோசமான கருத்து. ஸ்பாட்டிஃபை பாட்டுகளை –14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) என்ற அளவுக்குச் சமன் செய்கிறது, அந்த எண்ணை மனசில் வைத்துக்கொண்டு பலரும் கேம் இசையை எடைபோடுகிறார்கள். வீட்டு கன்சோல் கேம்களுக்கு சோனியின் ஒலிப் பரிந்துரை –24, கூடவோ குறையவோ 2. கையடக்கக் கருவிகளுக்கு –18. உச்சம் –1 டெசிபலைத் தாண்டக் கூடாது. இந்த எண்ணும் இசைக்கு மட்டும் உரியதல்ல. வசனம், வெடி, காலடி, இசை எல்லாம் சேர்ந்து, குறைந்தது அரை மணி நேரம் ஆடி அளந்தது. இசைக்கு அதற்குள் ஒரு பங்குதான். –9 லஃப்ஸ் வரை நசுக்கிய டிராக்கை கேமில் எப்படியும் பதினைந்து டெசிபலுக்கு மேல் இறக்கத்தான் வேண்டும். கூட்டிய சத்தம் போய்விடும், நசுங்கியது நசுங்கியதுதான். லிமிட்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள் என்று எழுதுவது பல பேருக்கு உண்மையான உதவி.

இசை சத்தங்களை மறைக்கிறது என்றால் எந்தச் சத்தத்தை என்று சொல்லுங்கள். காலடி, வாள் வீச்சு, காசு எடுக்கும் 'டிங்' ஆகியவற்றின் கூர்மை பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். லீடு சின்த்தோ டிஸ்டார்ஷன் கிட்டாரோ அங்கேதான் குந்தியிருக்கும். அந்த ஒரு கருவியில் அந்த அலைவரிசையை மட்டும் ஈக்யூவில் இரண்டு மூன்று டெசிபல் குறைத்தாலே வழி திறக்கும். மொத்த இசையையும் குறைக்கத் தேவையில்லை. வசனம் வரும் கேமில் இசை தானாக இறங்கும்படி வைக்கலாம். கேம் செய்யும் மென்பொருள்களான யூனிட்டியில் 'டக் வால்யூம்', கோடோவின் கம்ப்ரஸரில் சைட்செயின், இரண்டும் இலவசமாகவே இருக்கின்றன.

பேஸ் விஷயத்தில் எதில் கேட்டீர்கள் என்று எழுதாத கருத்து வீண். பேஸின் கீழ் ஈ நோட் 41 ஹெர்ட்ஸ். சாதாரண ஃபோன் ஸ்பீக்கரில் 200-க்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது. வெறும் சைன் அலையில் சப் பேஸ் போட்டிருந்தால் ஃபோனில் அது இல்லவே இல்லை. எத்தனை டெசிபல் ஏற்றினாலும் வராது, ஹெட்போனில் கேட்பவர் மண்டைதான் இடிக்கும். லேசாக சாச்சுரேஷன் (மெல்லிய சிதைவு) சேர்த்தால் மேல் ஹார்மோனிக்குகள் (அடி நோட்டின் மடங்குகளான உயர் அலைகள்) பிறந்து, ஃபோனிலும் பேஸ் இருப்பதாகக் காது எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று: இசைக்காரர் தலையில் விழும் பழி பல நேரம் புரோகிராமருடையது. ஸ்லைடரைப் பாதியில் வைத்தும் இசை அலறுகிறதா? பாதி என்பதை அலை உயரத்தில் பாதியாக எடுத்திருப்பார்கள். அது 6 டெசிபல் குறைவுதான், காதுக்குப் பாதியாகத் தெரியாது. ஸ்லைடர் எண்ணை டெசிபலுக்கு மாற்றாமல் மிக்ஸருக்குள் நேரே திணித்திருந்தால் இன்னும் விசித்திரமாக நடந்துகொள்ளும். பிரௌசரில் ஆடும்போது முதல் திரையில் இசையே வரவில்லையா? பயனர் ஒருமுறை கிளிக் செய்யும்வரை பிரௌசர்கள் ஒலியைத் தடுத்து வைக்கும். அதற்காக ஆடியோ மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள். சண்டை தொடங்கியதும் டிரம்ஸ் தனி அடுக்காகச் சேரும் கேமில் அடுக்குகள் ஒன்றோடொன்று பிசகினால், அதுவும் பெரும்பாலும் ஃபைலின் குற்றமல்ல. யூனிட்டியில் ஒவ்வொன்றையும் சும்மா 'பிளே' என்று ஓட்டாமல் 'பிளே ஷெட்யூல்டு' கொண்டு ஒரே நேரத்துக்குக் குறித்து வைக்க வேண்டும். கோடோ 4.3-இல் இதற்கென்றே 'ஆடியோ ஸ்ட்ரீம் சிங்க்ரனைஸ்டு' வந்துவிட்டது.

"மெலடி இல்லை" என்பதற்கு வருவோம். 1978-இல் டைட்டோவுக்காக டோமோஹிரோ நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில் இருப்பது இறங்கிவரும் நாலே நோட். எதிரிகள் குறையக் குறைய அவற்றின் நடை வேகமெடுக்கும், அந்த நாலு நோட்டும் கூடவே வேகமெடுக்கும். அவ்வளவுதான் இசை, அதிலேயே ஆடுகிறவரின் கை பதறும். மெலடி வேண்டுமா என்பது அந்தக் கட்டத்தில் ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. புதிர் முன்னால் உட்கார்ந்து யோசிப்பவருக்குப் பாடும் மெலடி இடைஞ்சல். கதாபாத்திரத்தை அறிமுகம் செய்யும் இடத்தில் மெலடி இல்லாவிட்டால் பிறகு அவரை நினைவூட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே "இந்த இடத்தில் நான் இதைச் செய்துகொண்டிருந்தேன், இசை வேறொன்றைச் சொன்னது" என்ற அளவில் எழுதுங்கள். மெலடி எப்படி இருக்க வேண்டும் என்று இசை போட்டவர் முடிவு செய்துகொள்வார்.

எட்டு பிட் இசைக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. "இது உண்மையான நின்டெண்டோ சத்தம் இல்லை" என்று சொல்லும் முன், அவர் அப்படிச் சொல்லிக்கொண்டாரா என்று பாருங்கள். பழைய நின்டெண்டோ சிப்பில் இரண்டு பல்ஸ், ஒரு டிரையாங்கிள், ஒரு நாய்ஸ், பதிந்த ஒலித் துண்டை ஓட்டும் ஒரு சாம்பிள் சேனல், ஆக ஐந்துதான். டிரையாங்கிளுக்கு வால்யூம் கட்டுப்பாடே கிடையாது. அந்த சிப்புக்கு இசை எழுதும் மென்பொருளான ஃபாமிட்ராக்கரில் அந்தக் கட்டுக்குள் செய்தேன் என்பவரிடம் பேஸை மெதுவாக ஃபேடு செய்யச் சொல்வது நடக்காத காரியம். வெறுமனே அந்த மணத்துக்காகச் செய்தவரிடம் சேனல் எண்ணிக்கொண்டிருப்பதும் வேண்டாத வேலை.

ஜாமின் விதியையும் மனசில் வையுங்கள். லூடும் டேர் என்ற ஜாமின் 'காம்போ' பிரிவில் 48 மணி நேரத்தில் ஒரே ஆள் கேம், படம், ஒலி எல்லாம் செய்ய வேண்டும். அவரிடம் நிஜ வயலின் வைத்து ரெக்கார்டு செய்திருக்கலாமே என்று கேட்பவர் கேட்காமலே இருக்கலாம்.

எழுதும் முறைக்கு ஒரு மாதிரி: "இரண்டாம் லெவல், 1:04. லூப் திரும்பும்போது சின்ன இடைவெளி. லேப்டாப் பிரௌசரில் ஆடினேன். ஃபைலை இறக்கி பிளேயரில் ஓட்டினால் இல்லை. எம்பி3 காரணமாக இருக்கலாம்; ஓஜிஜியில் எடுத்துப் பாருங்கள். குகைக்குள் போகும்போது டிரம்ஸ் நின்று பேடு சின்த் மட்டும் மிஞ்சுவது பிரமாதம், அதை மாற்றாதீர்கள்." இடம், கருவி, கேட்டது, ஊகம், செய்ய வேண்டியது, தொடக் கூடாதது எல்லாம் ஆறேழு வரியில் அடங்கிவிட்டது. ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். ரசனையை ரசனை என்றே எழுதுங்கள். கடைசி வரியை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். எது நன்றாக இருக்கிறது என்று தெரியாதவர் அடுத்த பதிப்பில் முதலில் அழிப்பது அதைத்தான். குறைகள் பத்து இருந்தால் ஆட்டத்தை அதிகம் கெடுக்கும் இரண்டை மட்டும் எழுதுங்கள். மற்றவற்றைக் கேட்டால் சொல்லலாம்.

ஜாம் நடத்துகிறவர்களுக்கு: இசைக்குத் தனி வால்யூம் ஸ்லைடர் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். அது இல்லாத கேமில் மேலே சொன்ன பாதிச் சோதனைகளைச் செய்ய முடியாது. படிவத்தில் இரண்டு கேள்வி சேர்த்துவிடுங்கள்: ஒன்று, இசை சொந்தமா, சாம்பிள் பேக்கா (ரெடிமேட் ஒலித் துண்டுகளா), பிறருடையதா, பிறருடையது என்றால் எந்த உரிமத்தில்; இரண்டு, இசை பற்றி எந்தக் கேள்விக்கு விடை வேண்டும். ஆடியோ என்ற ஒரே கட்டத்தில் இசையையும் சவுண்டு எஃபெக்டையும் சேர்த்து மதிப்பெண் வாங்கினால் எதற்கு மூன்று, எதற்கு ஐந்து என்று யாருக்கும் புரியாது, இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மதிப்பீடு முடிந்த பிறகு திருத்திய பதிப்பை ஏற்ற ஒரு வாரம் கொடுத்து, முதலில் கருத்து எழுதியவருக்கு அந்தத் தகவல் போகும்படி செய்யுங்கள். தன் ஊகம் சரியா தப்பா என்று கருத்து எழுதியவரும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

இப்படிக்கு,
கேம் ஒலி வேலையில் இருக்கும் சிலர்